ஒற்றை வரித் தாளப் புத்தகம்

அத்தியாயம் 14

நாளைக் காலை பத்து மணிக்குப் பியானோவைப் பார்க்க ஆள் வருகிறார். போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான். "ஞாயித்துக்கிழமை வாங்க, பிடிச்சிருந்தா அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்று சின்னவள் போனில் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. சமையலறையில் நின்ற பெரியவள் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். குழாயை மூடவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. இவர்கள் அக்கா தங்கை. பெரியவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து, லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. சின்னவளுக்கு முப்பத்தைந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, மேடையில் பாடுகிறவர்களுக்குக் கூட வாசித்து, யார் தயவும் இல்லாமல் தன் காலில் நின்றவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து போனாள். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று அக்காவுக்குப் பரபரப்பு. சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருந்த எண் மூன்றுக்கு வந்திருந்தது. அந்த மூன்று எண்ணும் வரை பெரியவளால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே ஒரு வேன் வந்தது.

பெரியவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சின்னவள் வலது தோள் அடிபட விழுந்தாள். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு பிய்ந்துபோனது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது முழங்கை மடங்குகிறது. விரல்கள் மடங்கவில்லை.

"பச்சை விழுந்த பிறகுதான் எடுத்தேன்" என்று பெரியவள் எல்லாரிடமும் சொன்னாள். கட்டின புருஷனிடமும் அதையேதான் சொன்னாள். அது பொய் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். ஆனால் அவள் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. எட்டு மாதமாக ஒரு குத்தல் பேச்சு உண்டா, ஒரு முகச்சுளிப்பு உண்டா? ஒன்றும் கிடையாது. வாய் நிறையத் திட்டியிருந்தால் பெரியவள் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அழுவதற்குப் பதிலாகப் பெரியவள் செய்த காரியம் இந்த வீட்டில் லிஃப்ட்காரருக்கு மட்டும்தான் தெரியும். லிஃப்ட்காரர் என்றால் பெரியவளின் புருஷன்; ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு அவர்தான் வைத்தியர். பதினொரு வாரமாகப் பெரியவள் கடைக்குப் போகும் வழியில் பியானோ கற்றுக்கொண்டு வருகிறாள். வீட்டில் வாசிக்கிற ஆள் ஒருத்தி இருந்தால் பியானோவை விற்க முடியாது அல்லவா? அதுதான் அவள் போட்ட கணக்கு. அந்தப் பெட்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டால், தங்கையும் ஒரேயடியாக உள்ளே அடைந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம்.

நாளை அந்த ஆள் வந்ததும் பியானோ முன்னால் போய் உட்காரவேண்டும். நாலு நாலு தட்டாகப் பிரித்த பதினாறு கட்டம் உள்ள சின்னப் பாட்டு ஒன்றைத் தப்பில்லாமல் வாசித்து, "இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்று சொல்லவேண்டும். இருப்பது ஒரே ஒரு நாள். இன்று சனிக்கிழமை.

*

பெரியவளுக்குச் சொல்லித்தரும் டீச்சருக்கு இருபத்தாறு வயது. சின்னவளிடம் பத்து வருஷம் படித்தவள்; இன்றும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள். சின்னவள் கைவிட்ட பிள்ளைகள் எல்லாரும் இப்போது இவளிடம்தான் வருகிறார்கள். பெரியவளுக்கு இவளோடு ஒரு வினோத ஒப்பந்தம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வரை "சொல்லுங்க டீச்சர்", "சரிங்க டீச்சர்". எழுந்து செருப்பை மாட்டியதும், "ஏம்மா, காலையில ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?"

இன்று ஸ்டூலில் இருந்த நேரம் சரியில்லை.

"ஓடுறீங்க அக்கா" என்றாள் டீச்சர்.

"ஓடினேனா?"

"மூணாவது வரியில ரெஸ்ட் போட்டிருக்கு பாருங்க, இந்தக் குட்டித் தொப்பி மாதிரி. அங்க விரல் சும்மா இருக்கணும், ஆனா நேரம் போய்க்கிட்டே இருக்கணும். நீங்க அதை ஒரே தாவாத் தாவி அடுத்த கட்டத்துக்குப் போயிடறீங்க."

"சத்தமே இல்லாத இடத்துல உக்காந்து என்ன டீச்சர் பண்றது?"

"எண்ணணும். அவ்வளவுதான்."

மறுபடி வாசித்தாள். மறுபடி தாவினாள். டீச்சர் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை முடுக்கிவிட்டாள். அது டக் டக்கென்று ஒரு பக்கம் போக, பெரியவள் இன்னொரு பக்கம் போனாள். நாலாம் முறை வாசிக்கும்போது பெரியவள் தனியாகவே முடித்துவிட்டு, மெட்ரோனோம் வந்து சேரட்டும் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விரல் நல்லாப் போகுதுக்கா, பொய் சொல்லல. ஆனா காத்திருக்கவே மாட்டேங்கறீங்க. எல்லாத்துலயும் நீங்க இப்படித்தானா?"

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். பெரியவள் பியானோவிலிருந்து கையை எடுத்தாள். விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா டீச்சர்" என்றாள்.

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "தாளத்துக்குன்னே தனியாப் புத்தகம் கிடைக்கும்க்கா. அதுல சுரம் இருக்காது, வெறும் தட்டுதான். பியானோகூட வேண்டாம், மேசையில தட்டலாம். ரெண்டு வரி இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. மேல் வரி வலது கைக்கு, கீழ் வரி இடது கைக்கு. ரெஸ்ட் நிறைய இருக்கணும், அது முக்கியம்."

"இப்பவே வாங்கிடறேன். நாளைக்குள்ள தாளம் வந்துடுமா?"

"நாளைக்குள்ளயா? மூணு மாசம் ஆகும்க்கா!"

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும்மா" என்றாள் பெரியவள். ஸ்டூலில் இருந்தபடியே 'அம்மா' போட்டுவிட்டாள். ஒப்பந்தம் மறந்துபோகும் அளவுக்குத் தவிப்பு.

டீச்சர் மெட்ரோனோமை நிறுத்தினாள். பிறகு, "மிஸ்கிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். "வழியில பாத்தா எனக்கு முகம் கொடுக்கவே முடியல. திருட்டுத்தனமா இருக்கு."

"நாளைக்குச் சொல்லிடுவேன்" என்று பெரியவள் செருப்பை மாட்டினாள். சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துபோனாள்.

*

இசைக்கருவிக் கடையில் வயலின்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி, பேசும்போதெல்லாம் மூக்கு நுனிக்கு வழுக்கியது. பெரியவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"கொடுங்க அதை" என்று வாங்கி, காதில் மாட்டும் காம்பை இரண்டு விரலால் நீவி வளைத்து, திருப்பிக் கொடுத்தாள். "இப்பப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "ரெண்டு வருஷமா இதோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேம்மா. உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க."

"தாளம் பழகற புத்தகம். ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு."

"பையனுக்கா, பொண்ணுக்கா? என்ன வயசு?"

"எனக்குத்தான்."

நல்ல மனுஷர். கண்ணை விரிக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. உள்ளே போய் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் பரப்பினார்.

ஒரு நாளைக்கு இருபது பேரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிறவள் பெரியவள். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர்களைப் பார்த்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் அலுத்துக்கொள்வாள். இப்போது அவளே விழித்தாள்.

முதல் புத்தகம் குழந்தைகளுக்கானது. ஒரு தாளத் தட்டுக்கு ஒரு ஆப்பிள், அரைத் தட்டுக்கு இரண்டு திராட்சை என்று படம் போட்டிருந்தது. ரெஸ்ட் வரும் இடத்தில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பக்கத்துக்கு ஒரு பூனைதான்.

இரண்டாவது தடிமனான புத்தகம். டீச்சர் சொன்னது இதுதான். ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு வரி; மேல் வரியின் ஓரத்தில் 'வலது கை', கீழ் வரியின் ஓரத்தில் 'இடது கை'. வரிக்கு வரி ரெஸ்ட். பெரியவள் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்து முதல் பயிற்சியைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள், வலது கை. இன்னொன்றைத் திருப்பினாள், அங்கேயும் வலது கை. நூற்றிருபது பக்கத்திலும் வரிக்கு வரி அதுவே அச்சாகியிருந்தது. தினமும் இதை எப்படித் திறந்து உட்காருவது? அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மூன்றாவது ஒல்லியானது. ஒற்றை வரி. பெரிய பெரிய புள்ளிகள், நடுவில் தாராளமான இடம், பக்கத்துக்கு ஏழெட்டு ரெஸ்ட். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். எவ்வளவு தூரத்திலும் எழுத்து பளிச்சென்று நின்றது.

"இதுதான் தெளிவா இருக்கு" என்றாள்.

"அச்சு நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா அது ஒத்தை வரி. டிரம்மு, புல்லாங்குழல்னு எந்த வாத்தியத்துக்கும் பொதுவாப் போட்டது. பியானோன்னா ரெண்டு வரிதான் தோது. உக்காந்து நிதானமாப் பாருங்களேன்."

"கடை திறக்கணும்ங்க, நேரமாச்சு" என்றாள் பெரியவள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அச்சுக்காகத்தான் எடுத்தோம் என்று தன்னையே நம்பவைத்திருந்தாள்.

அன்று முழுக்கக் கடையில் கூட்டம். கையில் வேலை இல்லாத நேரத்தில் புத்தகத்தை விரித்துக் கண்ணாடிப் பெட்டிமேல் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாம் எண்ணில் தொப்பி வந்தது. கை நிற்காமல் நாலுக்குப் போனது. பார்வை சோதிக்க உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "யாரோ ரொம்ப நேரமாக் கதவைத் தட்டறாங்கம்மா, திறந்து விடுங்க" என்றார். பெரியவள் புத்தகத்தை மூடினாள்.

*

சின்னவளுக்கு ஒரு பிடிவாதம். சாயங்காலம் அக்கா கொண்டுவரும் காய்கறிப் பையை அவள்தான் பிரித்து அடுக்குவாள். ஒற்றைக் கையால் வெங்காயத்தை ஒரு கூடையில் போட்டு, தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்து முடிக்க அரை மணி ஆகும். யாரும் உதவிக்குப் போகக்கூடாது. போனால் அன்று முழுக்க வாய் திறக்கமாட்டாள்.

இது தெரிந்தும் பெரியவள் புத்தகத்தைக் காய்கறிப் பையில் போட்டிருந்தாள். கைப்பைக்குள் அது அடங்கவில்லை. வீட்டுக்குள் நுழையும் முன்னால் எடுத்து ஒளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். வாசலில் லிஃப்ட்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே பையை வழக்கம்போல மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து தங்கை அவளை 'அவசரக்குடுக்கை' என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவள் வெளியே வந்தபோது, காய்கறி எல்லாம் பையிலேயே இருந்தது. புத்தகம் மட்டும் மேசைமேல் விரிந்திருந்தது. அட்டையில் பட்டிருந்த கீரை ஈரத்தைச் சின்னவள் முந்தானையால் ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தை வரி" என்றாள் சின்னவள், தலை நிமிராமல். "தேடிப் பிடிச்சு வாங்கியிருக்க."

"ஏய், அது வந்து…"

"ஒத்தைக் கைக்காரிக்கு ஒத்தை வரி. சரியாத்தான் அளவெடுத்திருக்க. முப்பத்தஞ்சு வயசுல நான் மறுபடியும் மேசையைத் தட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலு எண்ணணும். அப்படித்தானே?"

"ஐயோ, உனக்கு இல்லடி!"

"பின்ன யாருக்கு? அத்தானுக்கா?"

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது மேல ஒரு பட்டன், கீழ ஒரு பட்டன். தாளமெல்லாம் ஏது பாப்பா?" முப்பத்தைந்து வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான். மற்ற நாளாக இருந்தால் சின்னவள் உதட்டோரமாவது சிரித்திருப்பாள்.

"எனக்குத்தான்" என்றாள் பெரியவள். "நான் கத்துக்கறேன். பதினோரு வாரமாச்சு."

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கை விரல்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட?"

பெரியவள் சொன்னாள்.

"என் ஸ்டூடண்ட்கிட்டயா?" சின்னவளின் குரல் இறங்கிப்போனது. "அவளுக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும்போல. எனக்கு மட்டும்தான் தெரியாது. சரி, கை போனவளுக்குக் கண்ணும் காதும் எதுக்குன்னு விட்டுட்டீங்க."

அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரரின் போன் அடித்தது. ஏதோ கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மூன்று பேர். அவர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"ஊர்ல மாட்டிக்கிட்டவங்களையெல்லாம் நான் போய் வெளிய எடுக்கறேன்" என்றார். "என் வீட்ல ரெண்டு பேர் எட்டு மாசமா மாட்டிக்கிட்டு நிக்கறீங்க. எந்தக் கதவைத் திறக்கறதுன்னே எனக்குத் தெரியலம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

அக்காவும் தங்கையும் தனியாக நின்றார்கள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று சின்னவள் கேட்டாள்.

"பியானோ போகக்கூடாதுன்னு. நான் வாசிச்சேன்னா அது இங்கயே இருக்கும்ல? நீ என்னிக்காவது…"

"நான் ஏன் விக்கறேன் தெரியுமா உனக்கு? காலையில எந்திரிச்சதும் அது நிக்குது. சாப்பிடறப்ப நிக்குது. கதவைச் சாத்தினாலும் அது அங்க நிக்குதுன்னு தெரியுது. பாக்கறதே தாங்கல. இனி நீ உக்காந்து தப்புத் தப்பா வாசிக்கறதை வேற நான் தினம் கேக்கணுமா?"

இந்தப் பதினொரு வாரத்தில் பெரியவள் ஒரு தடவையாவது இதை யோசித்தாளா? யோசிக்கவில்லை. தங்கை சந்தோஷப்படுவாள், அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எல்லாம் நினைத்திருந்தாள். கேட்கிற காது யாருடையது என்று மட்டும் நினைக்கவில்லை.

"தப்புதான்" என்றாள். "புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். விடு."

"விடறதுக்கு என்ன இருக்கு? வா."

சின்னவள் முன்னறைக்குப் போனாள். எட்டு மாதமாகத் திறக்காத பியானோ மூடியை இடது கையால் தூக்கினாள். வலது கை பழக்கத்தில் தோள்வரை எழுந்து, பாதியில் தொங்கிப்போனது. பெரியவள் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனாள். சின்னவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டாள்.

"உக்காரு. நாளைக்கு என்ன வாசிக்கறதா இருந்தியோ, அதை வாசி."

பெரியவள் உட்கார்ந்தாள். இந்தக் கட்டைகளை அவள் இதுவரை தொட்டதில்லை. துடைக்கும்போதுகூட மூடியின் மேல்தான் துணி போகும். டீச்சர் வீட்டுப் பியானோவைவிட இதன் கட்டைகள் கனமாக இருந்தன. நடுவிலிருந்த நாலைந்து கட்டைகள் தேய்ந்து வழுவழுத்திருந்தன. அங்கேதான் தங்கையின் வலது கை எப்போதும் இருக்கும்.

வாசித்தாள். முதல் வரி போனது. இரண்டாம் வரி போனது. மூன்றாம் வரியில் ரெஸ்ட் வந்தது. அவள் விரல் நிற்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

"மறுபடி" என்றாள் சின்னவள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் குரல் அது. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை இப்போதுதான் பெரியவள் கேட்கிறாள்.

மறுபடி வாசித்தாள். மறுபடி தாவினாள்.

"மறுபடி."

மூன்றாம் வரிக்கு வந்தாள். விரல் தாவ எழுந்த அந்தக் கணத்தில் சின்னவளின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமான, சூடான பிடி.

"ரெண்டு" என்றாள் சின்னவள். "மூணு. நாலு." கையை விட்டாள்.

பெரியவள் அடுத்த கட்டத்தை வாசித்தாள். பாட்டு முதல் தடவையாகப் பாட்டு மாதிரி இருந்தது. அவளுக்கே காதில் விழுந்தது. கடைசிக் கட்டம் வரை வாசித்து முடித்து, "வந்துடுச்சு! வந்துடுச்சுல்ல?" என்று சின்னப் பிள்ளைபோலத் திரும்பினாள்.

சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு சிக்னல்ல நான் 'நில்லு'ன்னு சொன்னேன்" என்றாள்.

பெரியவளின் கை கட்டைகள்மேலேயே இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லல நான். அத்தான்கிட்டகூட. உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேக்க பயமா இருந்துச்சு." சின்னவள் அக்கா பக்கம் திரும்பினாள். "உனக்குக் கேட்டுச்சாக்கா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஹெல்மெட் போட்டிருந்தாள், பின்னால் ஹாரன் சத்தம், யாரும் நம்புவார்கள். ஒரே ஒரு வார்த்தை. பச்சை விழுந்தது என்று இத்தனை பேரிடம் சொன்ன வாய்க்கு அது பெரிய காரியமா? அந்த வார்த்தை பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது.

"கேட்டுச்சு" என்றாள்.

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. காதுகிட்டயேதான் சொன்ன. நான்தான், மூணு செகண்டுதானே, போயிடலாம்னு…" இனி வரப்போவது எதுவானாலும் வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டை விட்டுப் போ என்று சொல்லட்டும். எட்டு மாதமாக அவள் காத்திருந்தது அதற்காகத்தான்.

சின்னவள் திட்டவில்லை.

"நான் சத்தமாச் சொல்லலையோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியோன்னு. எத்தனை நாள் படுத்துக்கிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன் தெரியுமா? இப்படிக் கத்தியிருக்கலாமோ, உன் தோளைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாமோன்னு. என் கையை நானேதான் தொலைச்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்கா. எட்டு மாசமா."

தங்கை தன்னை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது பெரிய மனசால் என்று பெரியவள் நம்பியிருந்தாள். அந்தப் பெரிய மனசைக் கண்டு கூசிக் குறுகியிருந்தாள். சின்னவளோ பழியை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, இந்த வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே, ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிக்னலில் தப்பு செய்தது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை உண்மை பேசாமல் இருந்ததோ, இத்தனை நாளும் அவள் தெரிந்தே செய்தது.

"பாப்பா…" என்றாள் பெரியவள். புருஷன் கூப்பிடும் பெயர் ஏன் தன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சின்னவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு உள்ளே அழுகை கேட்டது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட அழாதவள், வாய்விட்டு, விக்கி விக்கி, தலையணையில் முகம் புதைக்காமல் அழுதாள். பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்டாள். எழுந்து போய்க் கதவைத் தட்ட அவளுக்கு என்ன உரிமை இருந்தது?

அழுகை ஓய்ந்தது. மூக்கைச் சிந்தும் சத்தம். அப்புறம் போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தும் சத்தம்.

"ஹலோ, பியானோ விஷயமாப் பேசினேனே, நான்தான்" என்றாள் சின்னவள் உள்ளே. "நாளைக்குக் காலையில…"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மீதியை அவள் என்ன சொன்னாள் என்று பெரியவளுக்குக் கேட்கவில்லை.